பக்கத்து மரம் எங்கே?
ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் விதை சேகரிப்போருக்கு

மரம் பூத்தால் காய்க்கும், காய்த்தால் விதை கிடைக்கும், விதையைப் போட்டால் கன்று வரும். நாற்றங்கால் போடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறோம். நம் மண்ணின் மரங்கள் பலவற்றிடம் இந்தக் கணக்கின் முதல் படியே பலிக்காது. சித்திரை முழுக்க மஞ்சளாகப் பூத்து நின்ற கொன்றையில் ஆடியில் அண்ணாந்து பார்த்தால் இரண்டு காய்கூட இருக்காது. தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று காரணம் தேடுவோம். பெரும்பாலும் போதாமல் போனது பக்கத்து மரம்.

நம் வட்டாரத்துக்கு இது தனிப்பட்ட சிக்கல். சோழமண்டலக் கரையோரச் சமவெளியின் இயற்கைக் காட்டை வனத்துறை நூல்கள் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துகின்றன. வீரை, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை, நாவல், மகிழம், வெப்பாலை, அழிஞ்சில் எல்லாம் அதன் மரங்கள். இன்று அது கோயில் காடுகளிலும் காப்புக் காடுகளிலும் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. ஆவடிப் பக்கம் அந்த அளவுக்குக்கூட இல்லை. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து வயல்கள் மனைகளாயின. வரப்பிலும் களத்துமேட்டிலும் ஏரிக்கரையிலும் நின்ற மரங்களில் தப்பியவை அடுக்குமாடிக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவே ஒற்றையாக நிற்கின்றன. நம் விதை வேட்டை பெரும்பாலும் இந்த ஒற்றை மரங்களில்தான் நடக்கிறது. ஆகவே ஒற்றை மரத்தின் குடும்பக் கதையை முதலில் தெரிந்துகொள்வோம்.

ஆயிரம் பூ, ஒரே ஆள்

பள்ளிப் பாடம் நினைவிருக்கும். மகரந்தப்பையிலிருந்து வரும் தூள் சூல்முடியில் ஒட்டி, குழாயாக நீண்டு சூலகத்துக்குள் இறங்கிச் சூலைச் சேர்ந்தால் விதை. தூள் அதே பூவிலிருந்து வந்தால் தன்மகரந்தச் சேர்க்கை, வேறு செடியிலிருந்து வந்தால் அயல்மகரந்தச் சேர்க்கை. பாடம் சொல்லாமல் விடுவது, அல்லது நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஒரே மரத்தின் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குத் தூள் போனாலும் அது தன்மகரந்தம்தான். மரம் முழுக்க ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கலாம். மரபணுக் கணக்கில் அவை எல்லாம் ஒரே ஆள்.

இதனால் ஒரு விசித்திரமான நிலைமை உண்டாகிறது. மரம் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு அமோகமாகப் பூக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் மகரந்தம் அதற்குள்ளேயே சுற்றும். தேனீக்கு ஒரே இடத்தில் வயிறு நிறைய விருந்து கிடைக்கும்போது அடுத்த தெருவுக்குப் பறக்க என்ன அவசியம்? புங்க மரத்தடியில் நின்று காதைத் தீட்டினால் ஆயிரம் தேனீக்களின் இரைச்சல் கேட்கும். அதில் அடுத்த புங்கத்தின் தூளோடு வந்த தேனீ எத்தனை என்பதுதான் கேள்வி.

ஆண்டுக்கு ஒரு முறை முளைத்து மடியும் செடிக்குத் தன்மகரந்தம் பெரிய இழப்பில்லை. துணை தேடிக் காத்திருக்க அதற்குக் காலமும் இல்லை. நெல் பெருமளவு அப்படித்தான் விளைகிறது. நூறாண்டு வாழும் மரத்தின் கதை வேறு. அதன் உடம்பில் மறைந்து கிடக்கும் கேடான மரபணுக்கள் ஏராளம். அயல் மரத்தோடு கூடும்போது ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கத்து நல்ல பிரதி மூடிவிடும். தன்னோடு தானே கூடினால் இரண்டு பக்கமும் அதே குறை வந்து சேரும். வெறும் விதை, முளைக்காத விதை, வெளிறி மடியும் நாற்று, முளைத்தும் வளர்ச்சி குன்றிய கன்று என்று அதன் விளைவு வெளிப்படும். நாற்றங்காலில் கடைசி வரை முழங்கால் உயரம் தாண்டாமல் நின்றுவிடும் கன்றுகளுக்கு எப்போதும் மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மரங்கள் இதைத் தவிர்க்க எத்தனையோ ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. சூழலியலாளர் காமல்ஜித் பாவா, பின்னாளில் பெங்களூரில் ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர், கோஸ்டா ரிகாவின் சமவெளிக் காட்டு மரங்களைப் பற்றி 1974-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று. அதுவரை, காட்டில் ஓர் இனத்தின் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்பதால் அவை தன்மகரந்தத்தில்தான் பிழைக்கும் என்று பலர் நினைத்திருந்தனர். அவர் கைச்சேர்க்கை செய்து பார்த்தபோது கதை தலைகீழாக இருந்தது. பெரும்பான்மை இனங்கள் சொந்த மகரந்தத்தை ஏற்கவே இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான இனங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

ஆண் மரம், பெண் மரம்

நம்மூரில் இதற்கு முதல் சாட்சி பனை. நுங்கு பெண் பனையில்தான். பூப்பதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும், சில இடங்களில் அதற்கும் மேல்; அதுவரை ஆணா பெண்ணா என்று வெளிப்பார்வையில் சொல்ல முடியாது. ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றும் குழுக்களுக்கு இதனால் கவலை வேண்டாம். கலந்து ஊன்றினால் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாக வரும். கவலை வேறு இடத்தில். வீடு கட்டவோ சாலையை அகலப்படுத்தவோ பனை வெட்டும்போது முதலில் விழுவது ஆண் பனை. “அதுதான் காய்க்காதே” என்பார்கள். ஆண் பனைகளை வெட்டிய கரையில் பெண் பனைகள் பாளை விட்டுக்கொண்டே இருக்கும், காய்ப்பது குறைந்துகொண்டே போகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-இல் அரசு அறிவித்தது. அந்த விதியை நினைவூட்ட வேண்டிய இடங்களில் ஆண் பனைக்கும் சேர்த்தே வாதாடுங்கள்.

பனை போல வெளிப்படையாகத் தெரியாத மரங்களில்தான் நாம் ஏமாறுகிறோம். வீரை, பராய், கருங்காலி இனங்கள் பலவற்றிலும், பேயத்தியிலும் ஆண் பெண் தனித்தனி. ஒதியனும் பொதுவாக அப்படியே. வேலிக்கு ஒதியனையும் கல்யாண முருங்கையையும் பூவரசையும் போத்து வெட்டி நடுவது நம் பழைய வழக்கம். சீக்கிரம் நிழல் தரும், செலவும் இல்லை. ஆனால் ஒரு மரத்தின் கிளைகளை வெட்டி நூறு போத்து நட்டால், நட்டது ஒரு மரத்தைத்தான். ஆண் ஒதியனிலிருந்து வெட்டியிருந்தால் வேலி முழுதும் ஆண். ஒரு பழமும் வராது, பழம் தின்ன ஒரு குருவியும் வராது. போத்து நடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்தாறு வெவ்வேறு மரங்களிலிருந்து, முடிந்தால் வெவ்வேறு ஊர்களிலிருந்து வெட்டி, கலந்து நடுங்கள் என்றுதான் சொல்கிறேன். பூக்கும் காலத்தில் போய் எது ஆண், எது பெண் என்று அடையாளம் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. பழம் தாங்கும் மரம் பெண். அதற்குத் தாவரவியல் பட்டம் வேண்டியதில்லை.

காலம் பார்த்துப் பூப்பவை

ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருந்தாலும் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இலுப்பையைப் பாருங்கள். மாசி, பங்குனியில் இலை உதிர்த்த கிளை நுனியில் மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். மொட்டு விரியுமுன்னே சூல்தண்டு வெளியே நீண்டுவிடும், அதாவது பெண் உறுப்பு முந்திக்கொள்ளும். மகரந்தப்பைகள் சதைப்பற்றான அல்லிக் குழலுக்குள் இருக்கும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் அந்த இனிப்பான அல்லியைக் கவ்வித் தின்ன வரும்போது முகத்தில் ஒட்டிய தூளை அடுத்த மரத்தின் நீண்ட சூல்முடிகளில் தடவிவிட்டுப் போகும். விடியும்போது அல்லி உதிர்ந்து மரத்தடி வெண்மஞ்சளாகக் கிடக்கும்.

வௌவால் ஒரே இரவில் பல கிலோமீட்டர் சுற்றும். அதனால்தான் கோயில் குளத்தடியில் ஒற்றையாகத் தெரியும் கிழட்டு இலுப்பைகூடச் சில இடங்களில் நன்றாகக் காய்க்கிறது. அடுத்த ஊரில் அதற்கு ஒரு துணை இருக்கும். இந்த வட்டாரத்தில் ஒற்றை மரத்திலிருந்து தைரியமாக விதை எடுக்கலாம் என்று நான் சொல்லும் இனங்கள் சிலவே. இலுப்பை அதில் ஒன்று. ஆனால் அந்த மரத்தின் மேல் இரவெல்லாம் ஹாலோஜன் விளக்கை அடித்துக் கோயிலை அழகுபடுத்தினால் வௌவால் ஒதுங்கிவிடும். பூக்கும் அந்த ஒன்றிரண்டு மாதங்களாவது மரத்தின் மேல் படும் விளக்கை அணைக்கும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அணைக்கிறார்கள்.

இலந்தையின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. சில மரங்களில் பூவின் மகரந்தப்பை காலையில் வெடிக்கும், சிலவற்றில் பிற்பகலில். ஒருவருக்குத் தூள் இருக்கும் நேரத்தில் மற்றவருக்குச் சூல்முடி தயாராக இருக்கும். ஒரே வகை மரங்களாக நட்டுவிட்டால் இந்த ஏற்பாடு உதவாது. தோட்டத்துக்கு ஒட்டு இலந்தை வாங்குகிறவர்கள் இரண்டு ரகம் வாங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

கொன்றையும் கருவண்டும்

கொன்றைப் பூவைக் கையில் எடுத்து மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். பத்து இருக்கும், மூன்று அளவுகளில். மூன்று நீண்டு வளைந்திருக்கும், மற்றவை குட்டையாகப் பூவின் நடுவில் நிற்கும். தேன் கிடையாது. வருகிறவர்கள் தூளுக்காகவே வருகிறார்கள். அதுவும் மாவைப் போலக் கொட்டிக் கிடக்கும் தூளில்லை. உலுக்கித்தான் எடுக்க வேண்டும். இங்கேதான் கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ வருகிறது. குட்டைத் தாள்களைக் காலால் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். அந்த ரீங்காரத்தில் தூள் உதிரும். வண்டு தின்னச் சேர்ப்பது குட்டைத் தாள்களின் தூளை. நீண்ட தாள்களின் தூள் அதற்குத் தெரியாமல் அதன் முதுகிலும் வயிற்றிலும் படிந்து அடுத்த பூவின் சூல்முடிக்குப் போகும். சிறிய தேனீக்கள் தூளைத் திருடிப் போகலாம், சூல்முடியைத் தொடாமலே போய்விடும்.

கே. எஸ். முரளி 1993-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் கொன்றையின் காய்ப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதை ஆராய்ந்து, மகரந்தம் சேர்ப்பவர்களின் பற்றாக்குறைதான் காரணமா என்ற கேள்வியை எழுப்பினார். நம் புறநகருக்கு அது பொருத்தமான கேள்வி. கருவண்டு கூடு கட்டுவது காய்ந்த மரத்தில். பட்டுப்போன கிளை, பழைய உத்தரம், மூங்கில் கழி அதற்கு வீடு. நாமோ பட்ட கிளை தெரிந்தால் உடனே அறுத்துவிடுகிறோம். வீட்டில் ஓட்டுக் கூரையும் மரச் சட்டமும் போய் எல்லாம் கான்கிரீட்டும் இரும்புமாக ஆகிவிட்டன. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைச் சில வாரங்களில் அறுத்து அப்புறப்படுத்தினோம்; போக்குவரத்துக்கு அது தேவைதான். பூங்கா மூலையிலும் பள்ளி மைதான ஓரத்திலும் ஓரிரு அடிமரத் துண்டுகளைப் போட்டு வைத்திருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இருந்திருக்காது. இப்போதும் செய்யலாம். நான்கைந்து முற்றிய மூங்கில் கழிகளை ஒரு முனை திறந்திருக்கும்படி வெட்டி, மழை படாத தாழ்வாரத்தில் படுக்கவைத்துக் கட்டினாலே போதும். கருவண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் முகத்துக்கு எதிரே வந்து மிரட்டுவது ஆண்; அதற்குக் கொடுக்கு கிடையாது.

புங்கத்திலும் பூவின் பொறி உண்டு. பூ தானாகத் தூளைத் தராது. தேனீ உட்கார்ந்து அழுத்தும்போது இதழ்ப் படகு வெடித்து, மகரந்தம் அதன் மேல் விசிறும். அது ஒரு முறைதான் நடக்கும். மரத்தடியில் கம்பளம்போலக் கிடக்கும் பூக்களில் வெடிக்காமலே விழுந்தவை நிறைய. பூவுக்கு இரண்டு சூல், நெற்றுக்குப் பெரும்பாலும் ஒரே விதை. வேம்பில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் ஒரே மரத்தில் கலந்திருக்கும், விதை பெரும்பாலும் அயல்மகரந்தத்தில். வேம்பும் புங்கமும் தெருவுக்குத் தெரு இருப்பதால் அவற்றின் துணைக்கு நாம் அலைய வேண்டியதில்லை. முள்ளிலவு அப்படியில்லை. காகமும் மைனாவும் தேன் குடிக்க வரும் அந்தச் சிவப்புப் பூக்கள் அயல் மரத்துத் தூள் இல்லாமல் காய்க்காது. அதை நடுவதானால் ஒரே ஏரிக்கரையில் மூன்று நான்கு மரமாவது நடுங்கள்.

ஆல், அரசு: சுவரில் முளைத்த கன்று

ஆலம் பழம் என்று நாம் சொல்வது உள்ளே பூக்களை மூடி வைத்திருக்கும் ஒரு பை. நுனியில் ஊசித் துளை. அந்த மரத்துக்கே உரிய, எறும்புத் தலை அளவுகூட இல்லாத ஒரு குளவி அந்தத் துளையைப் பிளந்து நுழையும்போது சிறகு ஒடிந்துவிடும். கொண்டுவந்த தூளைச் சூல்முடிகளில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே செத்துப் போகும். சில வாரங்கள் கழித்துக் குஞ்சுகள் வளரும். ஆண் குளவி உள்ளேயே கூடி, வெளியேற வழி குடைந்து சாகும். பெண் குளவி அப்போதுதான் முதிர்ந்திருக்கும் மகரந்தத்தைச் சுமந்து வெளியே பறக்கும். பூவின் பெண் பருவத்துக்கும் ஆண் பருவத்துக்கும் இடையே வாரங்கள் ஓடிவிடுவதாலும், ஒரு மரத்தின் பைகள் பெரும்பாலும் ஒன்றாக முதிர்வதாலும், அந்தக் குளவிக்கு அதே மரத்தில் வேலை இல்லை. ஓரிரு நாள் ஆயுளுக்குள் பெண் பருவத்தில் இருக்கும் வேறொரு ஆலைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்று தூக்கிப் போகிறது. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் ஓர் அத்தி இனத்தின் மகரந்தம் 160 கிலோமீட்டர் வரை போனதை 2009-இல் மரபணுச் சோதனையால் நிறுவினார்கள்.

குளவி இல்லாத ஊரில் அத்தி இனம் மலடுதான். நம் கல்லிச்சி மரத்தை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அழகுக்கு நட்டார்கள். அதன் குளவி வந்து சேரும் வரை அது பரவவில்லை. வந்தபின் சுவர்தோறும் முளைத்தது.

சுவர் என்றதும் நம் வேலை தொடங்குகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டின் பழைய தொழிற்கூடச் சுவர்களிலும், ரயில் பாலத்துக் கற்களிலும், மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் ஓரத்திலும் அரசும் ஆலும் இச்சியும் முளைத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பறவையின் எச்சத்திலிருந்து முளைத்தது, ஒவ்வொன்றும் வேறு வேறு தாய் தந்தைக்குப் பிறந்தது. கட்டிடக்காரர் எப்படியும் அமிலம் ஊற்றி அழிக்கப்போகிறார். மழைக்காலத்தில், சுவர் ஊறியிருக்கும்போது, கேட்டுக்கொண்டு வேரோடு நெம்பி எடுத்துப் பையில் வையுங்கள். பத்துச் சுவர்களிலிருந்து பத்துக் கன்று எடுத்தால் பத்து வெவ்வேறு மரங்கள். புகழ்பெற்ற ஓர் ஆலமரத்திலிருந்து பத்துப் போத்து வெட்டினால் அதே மரம் பத்து முறை. விலைக்கு வாங்கும் எந்த அரசங்கன்றையும்விடச் சுவர்க் கன்றுக்கே என் ஓட்டு.

நாவலில் ஒரு கவனம். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அதில் சில மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் தாயின் திசுவிலிருந்து வந்த நகல்கள். ருசியான பழத்து மரத்தின் வாரிசு வேண்டுமென்றால் அது நல்லதுதான். காடு வளர்க்க வேண்டுமென்றால், ஒரு மரத்தடியில் சாக்கு நிறையப் பொறுக்கிய கொட்டைகள் அந்த ஒரு மரத்தையே மறுபடி மறுபடி தரக்கூடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

பையைக் கட்டிப் பார்த்துவிடலாம்

உங்கள் வளாகத்து மரம் எந்த ரகம் என்று யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே கண்டுபிடிக்கலாம். பள்ளி மாணவர்களை வைத்துச் செய்ய அருமையான வேலை. கையெட்டும் கொன்றை அல்லது பூவரசு நல்ல தேர்வு, பூ பெரிது. வேண்டியவை நைலான் வலை அல்லது மெல்லிய மஸ்லின் துணியில் தைத்த சிறு பைகள், நூல், எழுதிக் கட்ட அட்டை, ஒரு சாமணம், ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகை.

விரிவதற்கு முந்தைய நாள் மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நான்கு கூட்டம், ஒவ்வொன்றிலும் ஐம்பது பூவாவது இருக்கட்டும். முதல் கூட்டத்துக்குப் பை கட்டி, தொடாமல் விட்டுவிடுங்கள். இரண்டாவதற்குப் பை கட்டி, பூ விரிந்ததும் அதே மரத்தின் வேறு பூவின் தூளைத் தூரிகையால் சூல்முடியில் தடவி மறுபடி மூடுங்கள். மூன்றாவதில் மொட்டாக இருக்கும்போதே மகரந்தப்பைகளைச் சாமணத்தால் கிள்ளி எடுத்துவிட்டுப் பை கட்டி, மறுநாள் குறைந்தது சில தெருக்கள் தள்ளியுள்ள வேறு மரத்தின் தூளைத் தடவுங்கள். அந்த மரம் இதன் போத்தாக இருக்கக்கூடாது. நான்காவது கூட்டத்துக்கு அட்டை மட்டும். தேனீக்கள் வழக்கம்போல வரட்டும். எறும்பு ஏறாமல் காம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். சூல்முடி வாடிய பின் பைகளை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை எண்ணுங்கள். பிஞ்சு நின்றதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சில மரங்கள் சொந்தத் தூளைப் பிஞ்சு வரை விட்டுவிட்டுப் பிறகு உதிர்க்கும்.

முதல் கூட்டத்தில் காய் இல்லாமல் இரண்டாவதில் இருந்தால், மரத்துக்குச் சொந்தத் தூள் பிடிக்கும், கொண்டு சேர்க்கத்தான் ஆள் வேண்டும். இரண்டாவதிலும் இல்லாமல் மூன்றாவதில் மட்டும் இருந்தால் அது அயல் மரத்துக்கே காய்க்கும் மரம். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வித்தியாசம். நம் கையால் தடவிய பூக்கள் கொத்தாய்க் காய்த்து, திறந்து விட்டவை காய்க்கவில்லை என்றால், உங்கள் தெருவில் துணை மரமோ வண்டோ இரண்டுமோ போதவில்லை என்று பொருள். அந்த இனத்தில் அடுத்த மழைக்கு முன் அருகிலேயே இன்னும் நான்கு கன்று வைக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

விதை எடுக்கும்போது

விதை சேகரிப்புக்கு உலகளவில் சொல்லப்படும் விதி, ஓர் இனத்துக்குக் குறைந்தது 25 தாய்மரம், ஒன்றுக்கொன்று 100 மீட்டர் இடைவெளி. அருகருகே நிற்பவை ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம் என்பதற்காக இந்த இடைவெளி. அம்பத்தூரில் மகிழத்துக்கு 25 தாய்மரம் தேடினால் ஆண்டு முழுதும் தேட வேண்டியதுதான். பத்து கிடைத்தால் தொடங்குங்கள், ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போங்கள். ஆவடியின் பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகள், பழைய பள்ளி வளாகங்கள், கோயில் நந்தவனங்கள், பருத்திப்பட்டு, கொரட்டூர், செம்பரம்பாக்கம் ஏரிக்கரைகள், கூவத்தின் மேட்டுக் கரைகள் எல்லாம் தேட வேண்டிய இடங்கள். காப்புக் காட்டுக்குள் விதை எடுக்க வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு கொட்டைகூட வேண்டாம்.

தல மரத்தின் விதைக்கு மக்களிடம் தனி மதிப்பு உண்டு. திருவேற்காட்டில் வெள்வேலும் மாங்காட்டில் மாவும் தல மரங்கள். பக்தர்கள் கேட்டால் கன்று கொடுங்கள். ஆனால் ஓர் ஏரிக்கரை முழுவதையும் ஒரே தல மரத்தின் பிள்ளைகளால் நிரப்பாதீர்கள். அடுத்த தலைமுறையில் அவை தங்களுக்குள்ளேயே கூடும்.

எல்லா மரங்களின் விதையையும் ஒரே சாக்கில் கொட்டாமல், தாய்மரத்துக்கு ஒரு பை, பையில் இடம், தேதி என்று எழுதுங்கள். மரத்துக்கு இருபது விதையை வெட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு முழுதாக இருந்தால் வாங்கலாம். பாதிக்கு மேல் சக்கையாக இருந்தால் அந்த மரம் தனியாள், அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். தண்ணீரில் மிதந்தால் பொக்கு என்ற சோதனை எல்லா மரத்துக்கும் ஒத்துவராது. புங்க நெற்று மிதக்கத்தான் செய்யும். வேம்பு, இலுப்பை, நாவல் விதைகளைக் காயவைத்துச் சேமிக்கப் பார்க்காதீர்கள், சில வாரங்களிலேயே முளைப்பு போய்விடும். பொறுக்கிய வாரமே விதையுங்கள். கொன்றையின் தோல் கெட்டி. ஓரத்தைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து ஓர் இரவு ஊறவையுங்கள்.

நடும்போது ஓர் இனத்தின் கன்றுகளை மைதானம் முழுக்கச் சிதறடிப்பதைவிட, ஐந்து ஏழு என்று கூட்டமாக, ஒவ்வொரு கூட்டத்திலும் வெவ்வேறு தாயின் பிள்ளைகள் வரும்படி நடுவது நல்லது. கொசுத் தேனீ சில நூறு மீட்டர்தான் போகும், அதற்கு எட்டும் தூரத்தில் துணை இருக்கட்டும். ஆண் பெண் தனியான இனங்களில் கூட்டத்துக்கு ஐந்துக்குக் குறையாமல் வையுங்கள். மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முப்பது இனம் என்று பலகையில் எழுதுவது எளிது. ஒவ்வோர் இனமும் ஒரே தாயிடமிருந்து வந்திருந்தால் அந்தக் குட்டிக் காட்டில் இருப்பவை முப்பது குடும்பத்து உடன்பிறப்புகள் மட்டுமே.

கொசுப் புகை வண்டி வரும் நாளில், பூத்து நிற்கும் மரங்களின் மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அந்த மருந்துக்குக் கொசு வேறு, தேனீ வேறு என்று தெரியாது.

அடுத்த முறை நாற்றங்காலில் கன்று வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், “இது எத்தனை மரத்து விதை?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் மொத்தத்தையும் அங்கேயே வாங்காமல் மூன்று இடங்களில் பிரித்து வாங்குங்கள். பத்துப் பேர் இப்படிக் கேட்கத் தொடங்கினால் நாற்றங்கால்காரர்களும் எழுதி வைக்கத் தொடங்குவார்கள்.